மாமா உட்கார்ந்திருந்த திரை

எங்கள் வீட்டின் கிழக்கு அறையில், ஜன்னலுக்கு மேலே ஒரு சிறிய கேமரா இருக்கிறது. கொட்டாங்குச்சியின் பாதி அளவுதான். அதன் நெற்றியில் எரியும் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. முதலில் சதுரமாக வெட்டி, அது கண்ணை உறுத்தியதால் நான்கு மூலைகளையும் கத்தரித்து வட்டமாக்கி ஒட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பொட்டு வைத்தது போலிருக்கும். அந்த அறையில் இப்போது யாரும் இல்லை. கட்டில் இருக்கிறது, மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டோம். கேமராவை மட்டும் நான் இன்னும் கழற்றவில்லை. என் மனைவியும் ஏன் என்று கேட்கவில்லை.

என் மாமனார் அந்தக் கட்டிலில் இருந்த காலம் முழுவதும் நான் பக்கத்து அறையில் என் மேசைக்கு முன்னால் இருந்தேன். இடையில் ஒரு சுவர். எங்கள் இருவரையும் அந்தச் சுவரின் இரு பக்கமும் முதுகு நிமிர உட்கார வைத்தது இந்தக் கேமராதான்.

மேசையிலிருந்து தொடங்குவதே முறை. நான் வெளிநாட்டு சரக்குக் கம்பெனி ஒன்றுக்குக் கணக்குச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வந்த வேலை, திரும்ப ஆபீசுக்குப் போகவேயில்லை. முதல் வருடம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கூன் விழுந்து வேலை பார்த்ததில் கழுத்து வலி வந்தது. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்து இந்த இடத்தை அமைத்தேன். முழங்கை மடங்கும் உயரத்தில் மேசை. பாதம் தரையில் முழுதாகப் படியும் உயரத்தில் நாற்காலி. கை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரத்தில் இரண்டு திரைகள், இரண்டின் மேல்விளிம்பும் என் கண்மட்டத்துக்கு நேராக. இடப்பக்கத் திரை சற்றுத் தாழ்ந்திருந்ததால் வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் துண்டு ஒன்றை அடியில் கொடுத்தேன். ரசமட்டம் வைத்து நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேன். கதவருகில் நின்று என் மனைவி சிரித்தாள். "ஊடு கட்றப்ப மேஸ்திரிகூட இத்தன தடவ வெச்சுப் பாக்கலீங்க."

இரண்டு திரைகளும் எனக்கு வேண்டும். இடப்பக்கத்தில் கப்பல் கம்பெனி அனுப்பும் பில், வலப்பக்கத்தில் எங்கள் பதிவு. இரண்டையும் ஒத்துப் பார்ப்பதுதான் வேலையே. இரண்டு திரைகளும் ஒரு திறந்த புத்தகத்தைப் போல என்னைப் பார்த்து லேசாகச் சாய்ந்திருந்தன. நடுவில் நான். கழுத்து வலி போய்விட்டது. மாமா வரும் வரைக்கும் அந்த மேசை ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

மாமா சோமனூரில் விசைத்தறி குடோன் வைத்திருந்தவர். மாமியார் இறந்த பிறகு தறிகளை விற்றுவிட்டுத் தனியாகத்தான் இருந்தார். என் மனைவி ஒரே மகள். வாரத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாள் பக்கவாதத்தில் அவருக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை, நினைவும் தெளிவாக இருந்தது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, துணையில்லாமல் எழுந்து நடக்கவே கூடாது, இன்னொரு முறை விழுந்து இடுப்பு முறிந்தால் பிறகு எழமாட்டார் என்று டாக்டர் எச்சரித்தார். அதனால் நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். என் மனைவி பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பகல் முழுவதும் வீட்டில் இருப்பது நான்தான். ஆகவே அவரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. அதில் எனக்கு மறுப்பு இருக்கவில்லை. அவருக்குத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவிலுள்ள மரியாதையை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். எனக்குக் கல்யாணமாகி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அவர் ஒரு முறைகூட என் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார். தோளில் துண்டு இல்லாமல் என் முன்னால் வந்ததில்லை. என்னைவிட மிக மூத்தவர், என்னை "வாங்க மாப்பிள்ளைங்க" என்பார். நானும் "மாமா" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவரிடம் அதிகம் பேசியதில்லை. பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளைக்கு மேல் சாப்பிடுவதற்கே கூசியவர், அந்த வீட்டிலேயே, மாப்பிள்ளையின் கைப்பிடியில் கழிவறைக்குப் போகவேண்டிய நிலைக்கு வந்தார்.

வந்த அன்று அவருடைய துணிகளை அலமாரியில் அடுக்க என் மனைவி பையைத் திறந்தாள். அவர் வலது கையை நீட்டித் தடுத்தார். "இருக்கட்டும் அம்மணி. பையிலயே கெடக்கட்டும். ஒறம்பரைக்கு வந்தவன் துணிய பீரோவுல அடுக்குவாங்களா? ஒரு மாசத்துல கெளம்பப் போறன்." ஒறம்பரை என்றால் எங்கள் ஊரில் விருந்தாளி, உறவுக்காரர், இரண்டும்தான். அந்தப் பை அவருடைய கட்டிலின் தலைமாட்டில் நாற்காலி மேலேயே கடைசிவரை இருந்தது. துவைத்த வேட்டியை என் மனைவி மடித்து அந்தப் பைக்குள்ளேயே வைப்பாள்.

முதலில் அவருக்கு ஒரு காலிங் பெல் வாங்கிக் கொடுத்தேன். பொத்தான் அவர் தலையணைக்கு அருகில், மணி என் மேசைக்கு மேலே. அழுத்திக் காட்டினேன். குருவி கத்துவது போல் சத்தம் வந்தது. "ஆகட்டுங்க மாப்பிள்ளைங்க" என்றார். அந்த மணி ஒரு நாளும் அடிக்கவில்லை. நானாக அடிக்கடி எட்டிப் பார்த்துக் கேட்பேன். "ஒண்ணும் வேண்டாமுங்க, நீங்க வேலையைப் பாருங்க" என்பார். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் முற்பகல் பக்கத்து அறையில் ஏதோ சரிந்த சத்தம் கேட்டு ஓடினேன். கழிவறைக் கதவுக்கு முன்னால் வாக்கரோடு விழுந்து கிடந்தார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. தூக்கி உட்காரவைத்தபோது அவர் முதலில் கேட்டது, துண்டு எங்கே என்று.

மாலையில் வந்த என் மனைவி அழுதுகொண்டே திட்டினாள். "பெல்லு எதுக்குங்கப்பா இருக்குது? ஒரு அழுத்து அழுத்துனா அவரு வந்துருவாரல்ல?"

"அதெப்படி அம்மணி," என்றார் அவர், நான் வாசலில் நிற்பது தெரியாமல். "மாப்பிள்ளைய மணி அடிச்சுக் கூப்படறதா? குடோனுல தறி ஓட்டறவனக்கூட நான் அப்பிடிக் கூப்பிட்டதில்ல."

அதன் பிறகுதான் கேமரா வந்தது. அவரிடம் சொல்லாமல் எதையும் மாட்ட எனக்கு மனமில்லை. ஏணியில் ஏறி ஆணி அடித்துக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினேன்: இதில் தெரிவது என் மேசையில் தெரியும், நீங்கள் எழ முயன்றால் நான் பார்த்துவிட்டு வந்துவிடுவேன், கூப்பிடவே வேண்டியதில்லை. அவர் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தார். மின்சாரம் கொடுத்ததும் அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. "ஆருங்க இந்த அம்மணி?" என்று கேட்டார். சீனாவில் செய்தது மாமா, தயாராகிவிட்டேன் என்கிறது என்றேன். "இந்த வெளக்கு எரியறப்பெல்லாம் நீங்க பாத்துட்டு இருப்பீங்களாங்க?"

"ஆமாங்க மாமா. கவலையே படாதீங்க."

ஆறுதலாகத்தான் அப்படிச் சொன்னேன்.

கம்பெனிக் கணினியில் வேறெதையும் இணைக்க அனுமதியில்லை. என் பழைய மடிக்கணினியை எடுத்து இடப்பக்கத் திரையில் செருகி, கேமராவின் படத்தை அதில் வரவழைத்தேன். இப்படி என் இரண்டாவது திரை மாமாவுக்குப் போயிற்று. பில்லையும் பதிவையும் வலப்பக்கத் திரையில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். வேலை மெதுவாயிற்று. வலப்பக்கத் திரையை மூக்குக்கு நேராக இழுத்து, இடப்பக்கத் திரையை ஓரமாகத் தள்ளி வைத்தேன். ரசமட்டமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

திரையில் மாமா உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களையும் கட்டிலிலிருந்து தொங்கவிட்டு, தோளில் துண்டு, இடது கை முழங்கால் மேல், விழாத கை விழுந்த கையைத் தாங்கியபடி. கேமராவுக்கு நேராக. வந்த ஒறம்பரை காபிக்குக் காத்திருப்பதைப் போல. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பரவாயில்லை, மாமா தெம்பாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிற்பகலில் பார்த்தேன், உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே. என் மனைவி பள்ளிக்குக் கிளம்பியதும் உட்காருவார். நான் வேலையை முடித்துத் திரையை அணைத்துவிட்டு அவர் அறைக்குப் போய், "சரிங்க மாமா, எனக்கு வேலை முடிஞ்சுது" என்று சொல்லும் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். எங்கள் கம்பெனியின் அரட்டைப் பலகையில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி உண்டு. விசைப்பலகையைத் தொடாமல் சற்று நேரம் இருந்தால் அது மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் என் மேலாளரிடமிருந்து "இருக்கீங்களா?" என்று ஒரு செய்தி வரும். என்னைவிட வயதில் குறைந்தவர், மரியாதையானவர்தான். ஒரு முறைகூடக் கடிந்து பேசியதில்லை. வெறுமனே, இருக்கீங்களா. மாமாவைக் கழிவறைக்கு அழைத்துப் போய், வெளியே நின்று காத்திருந்து, திரும்ப உட்காரவைத்து, நான் வருவதற்குள் அந்தக் கேள்வி திரையில் நின்றுகொண்டிருக்கும். இருக்கிறேன் என்று எழுதுவேன். வேறெங்கே போவேன்? பக்கத்துத் தெரு மருந்துக் கடைக்குக்கூடப் பகலில் போக முடியாத வருடம் அது. அவருடைய சிவப்பு விளக்குக்கு நானும், என்னுடைய பச்சைப் புள்ளிக்கு அந்த மேலாளரும் காவல். சில நாட்களில் எனக்குள் ஒரு கேள்வி எழும், இது எப்போது முடியும் என்று. முடிவதென்றால் என்ன என்பது தெரிந்துதான் அந்தக் கேள்வி எழுந்தது. அடுத்த நொடியே இடப்பக்கம் திரும்பி அவரைப் பார்ப்பேன். அங்கிருந்து அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நான் தெரியமாட்டேன். தெரிந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பிசியோதெரபிப் பெண் வருவாள். தொண்டாமுத்தூரில் வீடு. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள், கிளம்பும்வரை வாய் ஓயாது. அவளிடம் மட்டும் மாமா தாராளமாகப் பேசினார்.

"என்ன தாத்தா, கால் ரெண்டும் பூசணிக்கா மாதர இருக்குது? நாளெல்லாம் தொங்கப் போட்டுட்டே இருக்கறீங்களா?"

"சும்மா உக்காந்திருக்கறன் கண்ணு."

"சித்த படுக்கறதுக்கு என்னங்? நேத்து எங்க தோட்டத்துல யானை பூந்துருச்சு. அதுக்கே நாங்க இப்பிடிப் பயந்து வெறச்சுப் போயி உக்காரல."

மாமா சிரித்தார். திரையில் அவர் சிரித்தபோதுதான், அவர் இந்த வீட்டில் சிரித்து நான் பார்த்ததில்லை என்பது உறைத்தது.

அவள் கிளம்பும்போது என் அறையை எட்டிப் பார்த்தாள். நான் வலப்பக்கத் திரையில் ஒரு பில்லைத் திருத்திக்கொண்டே கழுத்தின் இடப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அங்க ஒருத்தருக்குக் காலு, இங்க ஒருத்தருக்குக் கழுத்தா?" என்றாள். உள்ளே வந்து என் தோளில் விரலை அழுத்தினாள். உயிர் போயிற்று. "சார், மேசை சூப்பரா இருக்குது. உசரம், தூரம் எல்லாம் கரெக்டு. ஆனா ஸ்கிரீன மாத்தி வெச்சிருக்கீங்க. எத அதிகமாப் பாக்கறீங்களோ, அதுதான் மூக்குக்கு நேரா இருக்கோணும்."

"வேலைதானே அதிகம் பாக்கறேன். அது நேராத்தானே இருக்குது?"

"நான் வந்து நின்னு எவ்வளவு நேரமாச்சு? நீங்க வேலையப் பாக்கவே இல்லீங்க சார்."

அவள் போன பிறகு நான் என்னையே கவனித்தேன். அவள் சொன்னது சரி. ஒரு வரி பார்ப்பேன், இடப்பக்கம் திரும்புவேன். ஒரு எண்ணை அடிப்பேன், திரும்புவேன். என் கழுத்து என்னைக் கேட்காமல் ஒரு கணக்கு வைத்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையை மறுபடி அமைத்தேன். மாமாவின் திரையை மூக்குக்கு நேராக நடுவில் கொண்டு வந்தேன். அலுவலகம் வலப்பக்க ஓரத்துக்குப் போனது. டைல்ஸ் துண்டை மாற்றி வைத்தேன், கையை நீட்டித் தூரம் பார்த்தேன், ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. சம்பளம் கொடுக்கும் வேலையை ஓரத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் நாள் முழுக்க தன் மாமனாருக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருப்பதை என் மேலாளர் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

கழுத்து வலி குறைந்தது. ஆனால் நேருக்கு நேராக வந்த பிறகுதான் மாமாவை முழுதாகப் பார்த்தேன். ஓரக்கண்ணில் தெம்பு போலத் தெரிந்தது தெம்பு இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தலை தொங்கும். உடம்பு முன்னால் சாயும். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவேன். அதற்குள் திடுக்கிட்டு விழித்து, நிமிர்ந்து, கேமராவை ஒரு பார்வை பார்த்து, துண்டைச் சரிசெய்வார். மறுபடி சாய்வார். அப்படியே தூங்கி முன்னால் விழுந்தால், எந்த விழுதலைத் தடுக்க அந்தக் கேமராவை மாட்டினேனோ, அதே கேமராவாலேயே அது நடந்துவிடும்.

போய்ச் சொன்னேன். "மாமா, கொஞ்சம் படுத்துக்குங்க."

"ஆகட்டுங்க மாப்பிள்ளைங்க."

படுக்கவில்லை. மறுநாளும் சொன்னேன். காலைத் தூக்கிக் கட்டிலில் வைக்கக் குனிந்தேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ, கால எல்லாம் தொடாதீங்க மாப்பிள்ளைங்க. போச்சாதுங்க, பரவால்லீங்க, நான் படுத்துக்கறன்." நான் என் நாற்காலிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது, உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் 'ஆகட்டுங்க' என்பதற்குச் சம்மதம் என்று பொருளில்லை. உங்கள் பேச்சுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை என்பதுதான் பொருள். நான் பிறந்து வளர்ந்த ஊர், எனக்கு அது தெரியும். தெரிந்தும் தினமும் போய் அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் மனைவி கேட்டபோது அவர் சொன்னாராம்: "பகல்ல ஆம்பள படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்? அதுவும் மாப்பிள்ளைக்கு முன்னால?" அவர் இந்த அறையில் இல்லையே அப்பா என்றிருக்கிறாள். அதற்கு அவர் மோவாயால் ஜன்னலுக்கு மேலே காட்டியிருக்கிறார்.

கேமராவைக் கழற்றிவிடலாம் என்றாள் அவள். கழற்றினால் விழுவார் என்றேன். வைத்திருந்தால் உட்கார்ந்தே சாவார் என்றாள். அன்று எங்களுக்குள் நடந்த பேச்சை நான் என் நாட்குறிப்பில் எழுதவில்லை. வழக்கமாக மழை பெய்ததைக்கூட எழுதுகிறவன்.

வழியைக் காட்டியது மின்வெட்டு. மாதாந்தரப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் எடுத்த ஒரு நாள். என் மேசைக்கு இன்வெர்ட்டர் இணைப்பு உண்டு. கேமரா செருகியிருந்த இடத்துக்கு இல்லை. நடுத்திரை கறுத்துப்போனது. எழுந்து சத்தமில்லாமல் போய், ஒருக்களித்திருந்த கதவின் இடைவெளியில் பார்த்தேன். மாமா படுத்திருந்தார். கால்களைத் தானே எப்படியோ மேலே ஏற்றி, சுவர்ப்பக்கம் ஒருக்களித்து, துண்டைச் சுருட்டிக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் கரண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் ஓய்வு என்று இருந்தவர். மங்கலான அந்த அறையில் அந்தத் தூக்கத்தைக் கலைக்க மனமில்லாமல் கதவருகிலேயே நின்றேன். அங்கே என் பச்சைப் புள்ளி மஞ்சளாகியிருக்கும். ஆகட்டும் என்று நின்றேன்.

மின்விசிறி முனகியது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பெண் குரல் தான் தயார் என்று அறிவித்தது. மாமா துள்ளி விழித்தார். வலது கையை ஊன்றி, பல்லைக் கடித்து, உடம்பைப் புரட்டி உட்கார்ந்தார். கால்களைத் தொங்கவிட்டார். கன்னத்துக்கு அடியிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு கேமராவைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பது போல் லேசாகத் தலையைத் தாழ்த்தினார். ஆளில்லாத என் நாற்காலிக்கு.

விளக்கை மட்டும் அணைக்க அந்த மலிவான கேமராவில் வழியில்லை. மறுநாள் காலையில், பிசியோதெரபிப் பெண் அவரை வராண்டாவில் நடக்கவைத்திருந்தபோது, ஸ்டூல் போட்டு ஏறி அந்த டேப் துண்டை ஒட்டினேன். கேமராவின் கண் மூடவில்லை, விளக்கு மட்டும் மறைந்தது. கேமராவை நிறுத்திவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம். நானாக எதுவும் சொல்லவில்லை. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து ஜன்னலுக்கு மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரையில் அவர் என் கண்களையே பார்ப்பது போலிருந்ததால் நான் பார்வையை வலப்பக்கம் திருப்பி ஒரு பில்லைப் படித்தேன். திரும்பி வந்தபோது அவர் துண்டை மடித்துத் தலையணை மேல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு படுத்தார்.

அன்றிலிருந்து தினமும் படுத்தார். கால் வீக்கம் வற்றியது. என் தந்திரம் பலித்துவிட்டது என்று எனக்குள் ஒரு சிறிய பெருமைகூட இருந்தது. அது நீடிக்கவில்லை. கேமராவில் பேச்சும் கேட்கும். அடுத்த முறை பிசியோதெரபிப் பெண் வந்தபோது, "அட, காலு வடிஞ்சுபோச்சே! என்ன தாத்தா, எம் பேச்ச இப்பத்தான் கேட்டீங்களா?" என்றாள்.

"உன்ற பேச்சில்ல கண்ணு. மாப்பிள்ளை அங்க பாரு, வெளக்குக்குப் பொட்டு வெச்சுட்டாரு."

"அப்ப கேமராவ ஆஃப் பண்ணிட்டாரா?"

"அதெங்க பண்ணுவாரு? பாத்துட்டுத்தான் இருப்பாரு. ஆனா பாக்கறன்னு காட்டிக்கலையல்ல? படுங்க மாமான்னு வாயில சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. நான் கேக்கல. இதுக்கு மேல ஒரு மனுசன் எப்பிடிச் சொல்லுவாரு?"

"அவருக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியும்னு?"

"அதையெல்லாம் கேக்கக்கூடாது கண்ணு. கால நீட்டறன், புடி."

நான் நாற்காலியில் அசையாமல் இருந்தேன். வலப்பக்கம், "இருக்கீங்களா?" என்று செய்தி வந்து நின்றது.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு முறை உண்டாயிற்று. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு எழவேண்டும் என்றால் மெல்ல எழுந்து உட்கார்ந்து, துண்டை எடுத்துத் தோளில் போடுவார். அவ்வளவுதான். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல் செம்போடு அந்தப் பக்கம் போவேன். "என்னங்க மாமா, பாத்ரூம் போறீங்களா? நானும் இக்கட்டால வந்தன்" என்பேன், தற்செயலாக இந்தப் பக்கம் வந்தவன் போல. "வந்ததும் வந்தீங்க, ஒரு கை குடுங்க" என்பார். மணி அடிக்கவில்லை, அழைக்கவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்றாடம் இப்படி. நான் எவ்வளவு தண்ணீர் குடிக்கிற ஆள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

இதனால் கதவு திறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீடு அதே வீடுதான். நான் அந்த வருடம் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. அவர் சோமனூர் போகவேண்டும் என்று ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை, பையை மட்டும் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். ஒரு மாதம் என்று வந்தவர், அடுத்த மார்கழிக் குளிரில் நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனைக்குப் போனார். ஆம்புலன்சில் ஏற்றும்போது அந்தப் பையைக் காட்டி, அதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டோம். திரும்பி வந்தது பை மட்டும்தான்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு உட்கார்ந்த அன்று மேசையைப் பழையபடி மாற்றினேன். இரண்டு திரைகள், திறந்த புத்தகம் போல. இடப்பக்கம் பில், வலப்பக்கம் பதிவு, நடுவில் நான். அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் நடுவில் இருப்பது இரண்டு திரைகளின் விளிம்பும் சேரும் கறுப்புக் கோடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் பார்வை அந்தக் கோட்டில் போய் நிற்கும். கழுத்து வலி திரும்பி வந்துவிட்டது. பிசியோதெரபிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பகலில் கொஞ்ச நேரம் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னாள். எங்கே படுப்பது என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று தோன்றியது. அவள், "தாத்தா கட்டுலு சும்மாதான சார் கெடக்குது?" என்றாள்.

நேற்று மதியம் மெத்தையை விரித்துப் படுத்தேன். அவர் பார்த்ததை எல்லாம் பார்த்தேன்: மின்விசிறி, ஜன்னல், ஜன்னலுக்கு மேலே கறுப்புப் பொட்டு. இனி எதற்கு அது என்று தோன்றி எழுந்து, ஸ்டூல் போட்டு ஏறி, நகத்தால் சுரண்டி அதைப் பிய்த்தேன். சிவப்பு விளக்கு உடனே தெரிந்தது. இத்தனை மாதங்களும் அணையாமல் எரிந்திருக்கிறது. இறங்கி வந்து மறுபடி படுத்தேன்.

படுக்க முடியவில்லை. அந்தப் பக்கம் யாருமில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலி என்னுடையது, அதில் உட்காருகிறவன் இங்கே கிடக்கிறான். மடிக்கணினியைக்கூடக் கழற்றி அலமாரியில் வைத்தாயிற்று. இருந்தும் கால்கள் கூசின. முதுகு தானாக எழுந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டேன். கை தோளுக்குப் போயிற்று. அங்கே துண்டு இல்லை.

டேப் துண்டு கட்டை விரலிலேயே ஒட்டியிருந்தது. ஸ்டூலில் ஏறி, இருந்த இடத்திலேயே அழுத்தி ஒட்டினேன். அதன் பிறகு படுத்தேன். பக்கத்து அறையில் என் புள்ளி மஞ்சளாகியிருக்கும்.